கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: 36 வயதில் விண்ணப்பம், எங்கிருந்து தொடங்குவது? (கலிபோர்னியா)

கோவைக்காரி | 5 ஆகஸ்ட் 2022

வணக்கம். ஒரு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றுதான் எழுதத் தைரியம் வந்தது.

வயது 36. 2007-இல் கோவையில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. பிறகு இரண்டு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்புறம் கல்யாணம், எச்4 (எச்1 வேலை விசாக்காரரின் துணைக்கான விசா), இரண்டு பிள்ளைகள். 2020 அக்டோபரில் கிரீன் கார்டு வரிசைத் தேதி திடீரென்று முன்னால் நகர்ந்ததே, அப்போது போட்டதில் போன வருடம் கிரீன் கார்டு கைக்கு வந்தது. ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். சின்னவன் இந்த மாதம் கிண்டர்கார்டன் போகிறான்.

இந்த ஏப்ரலில் மாமியாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. அவர் "நெஞ்சு கரிக்குது, புளிச்ச ஏப்பமா வருது" என்கிறார். ஃபோனில் மொழிபெயர்த்தவர் அதை நெஞ்சுவலி ஆக்கிவிட்டார். நான் குறுக்கே புகுந்து விளக்கிய பிறகு அந்த நர்ஸ் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு எழுதினார். அன்றிலிருந்து இந்த எண்ணம் மனதை விட்டுப் போகவில்லை.

என் பி.எஸ்சி. எதற்காவது உதவுமா? வெயிட்லிஸ்ட் வருடக்கணக்கில் என்கிறார்களே, உண்மையா? டீஸ் என்கிற நர்சிங் நுழைவுத் தேர்வு எவ்வளவு கஷ்டம்? எதை முதலில் செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை.

இரவுப்பணி | 6 ஆகஸ்ட் 2022

வாங்க. நான் 2018-இல் சென்ட்ரல் வேலியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஏடிஎன் (இரண்டு வருட நர்சிங் படிப்பு) முடித்தவன். இப்போது மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவை சிகிச்சை) வார்டில் நைட் ஷிப்ட். வீட்டுக்கு வந்து பல் தேய்த்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்ப இருபது நிமிடம் போதும். அதற்கு முன்னால் இரண்டு வருட வேலை இருக்கிறது. ஆட்கள் சறுக்குவது அங்கேதான்.

முதலில் கலிபோர்னியா நர்சிங் போர்டின் (எல்லோரும் பிஆர்என் என்பார்கள்) தளத்துக்குப் போங்கள். அங்கீகாரம் உள்ள கல்லூரிகளின் பட்டியலும், ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை பேர் என்கிளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) எழுதினார்கள், எத்தனை சதவீதம் முதல் தடவையிலேயே தேறினார்கள் என்பதும் வருடவாரியாக இருக்கும். உங்களுக்கு ஓலோனி, ஷபோ, எவர்கிரீன் வேலி, டி ஆன்சா நான்குமே கார் தூரம். டி ஆன்சா மட்டும் குவார்ட்டர் முறை, மற்றவை செமஸ்டர். யூனிட்டை (பாடங்களின் கிரெடிட் அளவை) கலந்து எடுக்கும்போது கணக்கு குழம்பும், கவனம்.

அடுத்து, நான்கு கல்லூரியின் நர்சிங் பக்கத்திலும் அந்த வருடத்துக்கான விண்ணப்பத் தகவல் தாளை இறக்கி அச்செடுங்கள். ஆள் எடுக்கும் முறை கல்லூரிக்குக் கல்லூரி வேறு. சில இடங்களில் பாயிண்ட் முறை: ஜிபிஏ (4-க்கு எத்தனை என்கிற சராசரி மதிப்பெண்), டீஸ், முன்பு வாங்கிய பட்டம், மருத்துவத்துறை அனுபவம், வாழ்க்கைச் சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, மேலிருந்து எடுப்பார்கள். சில இடங்களில் குறைந்தபட்சத் தகுதி இருக்கிற எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கல். வருடக்கணக்கில் வெயிட்லிஸ்ட் என்று நீங்கள் கேள்விப்பட்டது பழைய கதை. பல இடங்களில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த முறை புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ப்ரீரெக் (நர்சிங்குக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) என்பது பெரும்பாலும் அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம். மூன்று சயின்ஸும் லேபோடு. அதன்மேல் புள்ளியியல், சைக்காலஜி போன்றவை கல்லூரியைப் பொறுத்து. ஜிபிஏ 2.5 போதும், டீஸில் 62 போதும் என்று தாளில் இருக்கும். குலுக்கல் கல்லூரிக்கு அது போதும். பாயிண்ட் கல்லூரியில் 2.5 வைத்துக்கொண்டு போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான், அங்கே போட்டி 3.7-க்கும் 4-க்கும் நடுவில். இன்னொன்று: சில கல்லூரிகளின் கணக்கில் சயின்ஸ் பாடத்தைத் திரும்ப எடுத்தாலே புள்ளி குறையும். ஆகவே மூன்றையும் ஒரே செமஸ்டரில் எடுத்து சி வாங்குவதைவிட, ஒவ்வொன்றாக எடுத்து ஏ வாங்குங்கள்.

உங்கள் பி.எஸ்சி. பற்றி: பல கல்லூரிகளில் சயின்ஸ் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும். 2007 செல்லாது. மூன்றையும் இங்கேயே படியுங்கள். ஆனாலும் பட்டத்தை இவால்யுவேஷனுக்கு அனுப்புங்கள். இங்கத்திய பேச்சிலர் பட்டத்துக்குச் சமம் என்று வந்தால் பொதுக்கல்வி பாடங்கள் மிச்சம், பாயிண்டும் உண்டு. மூன்று வருடப் பட்டம் என்பதால் சில ஏஜென்சி சமம் என்பார்கள், சில மாட்டார்கள். கல்லூரி எந்த ஏஜென்சியை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தஞ்சாவூரான் | 6 ஆகஸ்ட் 2022

தப்பாக நினைக்க வேண்டாம். ப்ரீரெக் இரண்டு வருடம், நர்சிங் இரண்டு வருடம். வெளியே வரும்போது 40. அப்புறம் நைட் ஷிப்ட், பெட்பேன், சனி ஞாயிறு வேலை. உங்கள் பட்டத்துக்கு ஒரு க்ளினிக்கல் டேட்டா கோர்ஸ் ஆறு மாதம் படித்தால் வீட்டிலிருந்தே வேலை. அப்படியும் நர்சிங்தான் என்றால் தனியார் கல்லூரியில் காத்திருக்காமல் சேரலாம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

இரவுப்பணி | 6 ஆகஸ்ட் 2022

தஞ்சாவூரான் அண்ணே, நாலு வருடம் கழித்து அவருக்கு எப்படியும் 40 ஆகத்தான் போகிறது. என் வகுப்பில் 52 வயதில் ஒரு பிலிப்பினோ அம்மா இருந்தார், எங்களுக்கெல்லாம் டோசேஜ் கணக்கு சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பெட்பேனும் தூக்குவேன், அதே கையால் இன்சுலினும் போடுவேன். இதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. மலையாளிகள் வீட்டில் இந்தப் பேச்சே எழாது, நம் ஆட்களிடம் மட்டும் ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தனியார் கல்லூரியில் சீக்கிரம் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் யூனிட் வேறு கல்லூரிக்கு மாறுமா, தேர்ச்சி விகிதம் என்ன என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. என் நண்பர் ஒருவர் அப்படி ஓர் இடத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு வெளியே வந்தார். ஒரு யூனிட்கூட எங்கும் செல்லவில்லை. கடனை மட்டும் இன்றும் கட்டுகிறார்.

கணக்குப்பிள்ளை | 7 ஆகஸ்ட் 2022

பணக்கணக்கை யாரும் போடவில்லையே, நான் போடுகிறேன். கலிபோர்னியாவாசிக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் 46 டாலர். 5 யூனிட் அனாட்டமி 230 டாலர். ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமத்துக்கு மாநில விதிப்படி குறைந்தது 58 செமஸ்டர் யூனிட் வேண்டும்: நர்சிங் 36 (வகுப்பு 18, க்ளினிக்கல் 18), தகவல்தொடர்பு 6, சயின்ஸ் வகையறா 16. 58 × 46 = 2,668 டாலர். கல்லூரிக்குத் தகுந்தபடி இன்னும் சில பாடங்கள் சேரும். புத்தகம், ஸ்க்ரப்ஸ், ஸ்டெதஸ்கோப், பின்னணிச் சோதனை, ஆன்லைன் பயிற்சிக் கட்டணம் எல்லாம் தனி. அப்படியும் தனியார் கல்லூரிப் பணத்தோடு ஒப்பிட்டால் இது காபிக்காசு.

ரெசிடென்ட் இல்லாதவர்களுக்கு அதே யூனிட் பல இடங்களில் 300-ஐத் தாண்டும். கோவைக்காரிக்கு அந்தக் கவலை இல்லை. கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சாவும் (மத்திய அரசு உதவித்தொகை விண்ணப்பம்) போடலாம். சம்பளம் அதிகம் என்று நாமே முடிவு செய்துகொண்டு போடாமல் விடக்கூடாது.

வேப்பிலை | 7 ஆகஸ்ட் 2022

அக்கா, நான் இதே பே ஏரியாவில் மூன்றாவது செமஸ்டர் படிக்கிறேன். எல்லோரும் பெரிய விஷயம் சொல்லிவிட்டார்கள், நான் சின்ன விஷயம் சொல்கிறேன்.

அனாட்டமியில் இடம் பிடிப்பதே முதல் நுழைவுத் தேர்வு. புது மாணவர்களுக்குப் பதிவுத் தேதி கடைசியில்தான் வரும், அதற்குள் எல்லா செக்‌ஷனும் நிரம்பிவிடும். நான் வெயிட்லிஸ்டில் 11-வது. முதல் நாள் காலை ஏழே முக்காலுக்கு லேப் வாசலில் போய் நின்றேன். என்னைப் போல் பதினைந்து பேர். ஆசிரியர் பெயர் கூப்பிட்டார். வராதவர்கள் பெயரை அங்கேயே அடித்தார். முதல் நாள் மூன்று இடம் கிடைத்தது, 11-ஆம் நம்பருக்கு வரவில்லை. "வியாழக்கிழமையும் வா, உட்கார்ந்து கேள்" என்றார். வியாழன் ஒன்பது பேர்தான் வந்தோம். அடுத்த செவ்வாய் ஐந்து பேர். அன்றைக்கு எனக்கு ஆட் கோட் (வகுப்பில் சேரும் அனுமதி எண்) கிடைத்தது. ஒரு வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து சும்மா குறிப்பெடுத்தது வீண் போகவில்லை. நீங்களும் இந்த மாதம் அப்படிப் போய் நில்லுங்கள். வசந்த செமஸ்டருக்குத் தள்ளினால் ஒரு வருடமே தள்ளிப்போகும், ஏனென்றால் அனாட்டமி முடித்தால்தான் பல இடங்களில் பிசியாலஜிக்கு விடுவார்கள்.

லேப் பரீட்சையில் மேசைக்கு மேசை ஓர் எலும்போ மாதிரியோ வைத்து ஊசி குத்தியிருப்பார்கள். ஒரு நிமிடம்தான், மணி அடித்ததும் அடுத்த மேசை. ஸ்பெல்லிங் தப்பினால் மதிப்பெண் போச்சு. மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு. ட்ரபீசியமா ட்ரபீசாய்டா என்று நான் குழம்பி விட்டதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. கட்டைவிரல் பக்கம் ட்ரபீசியம், மறக்காதீர்கள்.

அடுத்தது தடுப்பூசி ஃபைல். இடம் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். இடம் கிடைத்ததும் இரண்டு மூன்று வாரம்தான் தருவார்கள். ஹெபடைட்டிஸ் பி பழைய முறையில் மூன்று டோஸ், ஆறு மாதம் ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே டோஸில் முடிகிற ஊசியும் வந்திருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். அம்மை (சிக்கன்பாக்ஸ்) வந்ததா என்று கேட்பார்கள். எனக்கு ஏழு வயதில் வந்தது, வாசலில் வேப்பிலை கட்டி மூன்றாவது தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கு ரெக்கார்ட் ஏது? ரத்தத்தில் டைட்டர் (நோய் எதிர்ப்பு அளவு) எடுத்துக் காட்டினேன், முடிந்தது. என் புனைபெயரின் கதை இதுதான் :)

டிபி சோதனைதான் நம் ஊர்க்காரர்களுக்கு வம்பு. இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதல்லவா? தோலில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கிற சோதனை, பிசிஜி போட்டவர்களுக்கு நோயே இல்லாமலும் பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைய வேண்டும். எனக்கு முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்தது. குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது. கல்லூரி ஏற்குமா என்று கேட்டுவிட்டு நேராக அதையே எடுங்கள்.

கோவைக்காரி | 8 ஆகஸ்ட் 2022

வேப்பிலை, தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படித்தேன். எல்லோருக்கும் நன்றி. தஞ்சாவூரான் சொன்னதை வீட்டிலும் ஒருவர் சொன்னார் (யார் என்று சொல்ல மாட்டேன்). தாள்களை அச்செடுத்துவிட்டேன். ஒன்றில் "ஆங்கிலம் அல்லாத மொழித்திறன்" என்று ஒரு வரி இருக்கிறது. ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்குத்தானே?

இரவுப்பணி | 9 ஆகஸ்ட் 2022

அதைத்தான் நீங்கள் கேட்பீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாயிண்ட் முறைக்கு அடிப்படையான கலிபோர்னியா கல்விச் சட்டப் பிரிவில் மொழிகளை எடுத்துக்காட்டாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்: சைகை மொழி, அரபி, சீனம், ஃபார்சி, ரஷ்யன், ஸ்பானிஷ், தகலோக், அதோடு "இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகள்". தமிழும் அதில் வரும். மாமியார் விஷயத்தில் நீங்கள் செய்த வேலைக்குத்தான் அந்தப் புள்ளி.

எத்தனை புள்ளி, என்ன சான்று என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. சில இடத்தில் மொழித்தேர்வு முடிவு கேட்பார்கள், சில இடத்தில் வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் போதும். உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முதல் பாடமே தமிழ்தானே? அதை எடுத்துவைத்துக்கொண்டு, நர்சிங் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலையும் சேமித்து வையுங்கள், கவுன்சிலர் மாறினால் பதிலும் மாறும். ஒன்றிரண்டு புள்ளிதான். நான் போட்ட வருடம் எனக்கும் வெயிட்டிங்கில் நின்ற பையனுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி.

ஜிஎன்எம்_வேலூர் | 11 ஆகஸ்ட் 2022

குறுக்கே கேட்கிறேன். நான் ஊரில் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து ஆறு வருடம் ஐசியுவில் இருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தேன். நானும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

இரவுப்பணி | 11 ஆகஸ்ட் 2022

வேண்டாம் சிஸ்டர்! நீங்கள் இந்த வரிசையிலேயே நிற்கக்கூடாது. வெளிநாட்டில் படித்த நர்ஸ் என்று பிஆர்என்-க்கு நேரடியாக விண்ணப்பியுங்கள், உங்கள் கல்லூரியிலிருந்து பாடவிவரம் மணிக்கணக்கோடு போக வேண்டும். கலிபோர்னியா ஒன்றில் கறார்: ஒரு பாடத்தின் வகுப்பும் வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். மனநலம் வகுப்பு இரண்டாம் வருடம், வார்டு மூன்றாம் வருடம் என்றிருந்தால் அந்தப் பாடத்தை மட்டும் இங்கே ஒரு கல்லூரியில் மறுபடி செய்யச் சொல்வார்கள். ஐசியு அனுபவக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

எச்4_இல்லத்தரசி | 14 ஆகஸ்ட் 2022

எனக்கு எச்4, ஈஏடி (வேலை அனுமதி) கிடையாது. படிக்கலாமா?

கணக்குப்பிள்ளை | 14 ஆகஸ்ட் 2022

படிக்கலாம். எச்4-க்குப் படிப்பதில் தடையில்லை. கலிபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்ததற்குச் சான்று இருந்தால் எச்4-க்கும் ரெசிடென்ட் கட்டணம் உண்டு. மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்காது. வேலைக்கு ஈஏடியோ கிரீன் கார்டோ வேண்டும், அதில் மாற்றமில்லை. மருத்துவமனை எச்1 போடும் என்று நம்பி இறங்காதீர்கள், சாதாரண ஆர்என் வேலைக்குப் பேச்சிலர் பட்டம் கட்டாயமில்லாததால் அது அபூர்வம். நர்ஸ்களுக்கு கிரீன் கார்டில் லேபர் சர்டிஃபிகேஷன் படியைத் தாண்டிவிடும் வசதி (ஷெட்யூல் ஏ) இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னாலும் இந்தியர்களுக்கு அதே நீண்ட இபி-3 (வேலைவழி கிரீன் கார்டு) வரிசைதான். கணவருக்கு ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) ஆகியிருந்தால் முதலில் எச்4 ஈஏடி பாருங்கள்.

யாழ்_ரொறன்ரோ | 15 ஆகஸ்ட் 2022

கனடாவில் இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். இங்கே கதை வேறு. ஒன்ராறியோவில் 2005-இல் இருந்து ஆர்என் பதிவுக்குப் பட்டப்படிப்புக் கட்டாயம். கொலிஜில் இரண்டு வருட டிப்ளோமா முடித்தால் ஆர்பிஎன் (ஆர்என்-க்கு அடுத்த படி நேர்ஸ்) ஆகலாம். என்ர தங்கச்சி அப்படி முடித்து, நேர்சிங் ஹோமில் வேலை செய்துகொண்டே ஆர்என் ஆகிறதுக்குப் பிரிட்ஜிங் படிக்கிறா. கலிபோர்னியாக் கணக்கை அப்படியே இங்கே போடவேண்டாம்.

கோவைக்காரி | 6 செப்டம்பர் 2022

ஆட் கோட் கிடைத்துவிட்டது!! வெயிட்லிஸ்டில் 8. இரண்டாம் வகுப்பிலேயே கொடுத்தார். எலும்புப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாதாம், லேபில்தான் பார்க்க வேண்டும். பெரியவள் தன் கணுக்காலைக் கொடுத்து "இது என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இரவுப்பணி | 6 செப்டம்பர் 2022

அருமை. இனி ட்ரான்ஸ்கிரிப்ட் வேலையை இன்றே தொடங்குங்கள். பரீட்சையைவிட அது மெதுவாக நகரும்.

கோவைக்காரி | 20 பிப்ரவரி 2023

நீங்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்று இப்போது தெரிகிறது. அக்டோபரில் அனுப்பிய விண்ணப்பம். பல்கலைக்கழகத்திலிருந்து மூடி முத்திரையிட்ட உறை நேரே இவால்யுவேஷன் ஏஜென்சிக்குப் போக வேண்டும். அப்பா மூன்று முறை பஸ் ஏறிப் போனார். முதல் முறை "சலான் தப்பு." இரண்டாம் முறை "கையெழுத்துப் போடுகிறவர் லீவு." மூன்றாம் முறை உறையைக் கையில் கொடுத்துவிட்டு "நீங்களே அனுப்பிக்கோங்க" என்றார்களாம்! அப்பா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் அல்லவா. மாலை நாலு மணிக்கு அவர்களே கூரியர் போட்டார்கள்.

பட்டம் சமம் என்று வந்துவிட்டது. ஆனால் புது வம்பு: மதிப்பெண் பட்டியலில் என் பெயர் இனிஷியலோடு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர். கிரீன் கார்டில் கணவர் பெயர். மூன்று பேரும் ஒரே ஆளா என்று கல்லூரி கேட்கிறது.

வேப்பிலை | 20 பிப்ரவரி 2023

ஹா ஹா, இந்த இனிஷியல் என்னையும் படுத்தியது. நோட்டரி முன்னால் "இந்தப் பெயர்கள் எல்லாம் நானே" என்று ஓர் அஃபிடவிட், கூடவே திருமணச் சான்றிதழ். இப்போதே கிரீன் கார்டில் இருக்கிற பெயருக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுங்கள். என்கிளெக்ஸ் அன்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிற பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

கோவைக்காரி | 17 அக்டோபர் 2023

டீஸ் எழுதிவிட்டேன். அனாட்டமி ஏ, பிசியாலஜி ஏ, ஆங்கிலம் ஏ, மைக்ரோ பி (கோடையில் எட்டு வாரத்தில் எடுத்தேன், பேராசை).

பின்னால் வருகிறவர்களுக்காக: மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம். படித்தறிதல், கணக்கு, சயின்ஸ், ஆங்கிலம் என்று நாலு பிரிவு. 150 கேள்விக்குத்தான் மதிப்பெண், மற்ற 20 சோதனைக்கு வைத்தவை, எது எதென்று தெரியாது. சயின்ஸை நினைத்துப் பயந்தேன், அதுதான் கைகொடுத்தது. கணக்கு நம் பத்தாம் வகுப்புக்கும் கீழே, ஆனால் கேலன், குவார்ட், பைன்ட், அவுன்ஸ் என்று கேட்டால் லிட்டரில் வளர்ந்த மூளை நின்றுவிடுகிறது. அதை மனப்பாடம் செய்யுங்கள். ஆங்கிலத்தில் 37 கேள்விக்கு 37 நிமிடம், அங்கேதான் மதிப்பெண்ணைக் கொட்டினேன். மொத்தம் 84.7.

இன்னொன்று: மறுபடி எழுதி 90 வாங்கலாமா என்று பார்த்தேன். நான் போடப்போகும் ஒரு கல்லூரியில் முதலில் தேறிய மதிப்பெண்தான் கணக்காம். தயாராகாமல் "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று யாரும் போய்விடாதீர்கள்.

தஞ்சாவூரான் | 18 அக்டோபர் 2023

84.7-ஆ? சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் மச்சினி மகளுக்கு இந்த இழையைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

கோவைக்காரி | 2 மே 2024

பிப்ரவரியில் மூன்று கல்லூரிக்குப் போட்டேன். இரண்டு பாயிண்ட், ஒன்று குலுக்கல். குலுக்கலில் பெயர் வரவில்லை. ஒரு பாயிண்ட் கல்லூரி இல்லை என்றுவிட்டது. இன்னொன்றில் ஆல்டர்னேட் (காத்திருப்போர் பட்டியல்), நான்காவது. மைக்ரோவில் ஏ வாங்கியிருந்தால் உள்ளே போயிருப்பேன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இரவுப்பணி | 2 மே 2024

நான்கு நல்ல நம்பர். பணம், விசா, பிள்ளைப்பேறு, வேறு கல்லூரி என்று கோடை முழுக்க ஆட்கள் கழன்றுகொண்டே இருப்பார்கள். ஃபைலைத் தயாராக வையுங்கள்: டைட்டர், ஹெபடைட்டிஸ், டிபி ரத்தச் சோதனை, பிஎல்எஸ் (உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி) கார்டு. பிஎல்எஸ் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டாக இருக்கட்டும், பல இடங்களில் வேறு வாங்க மாட்டார்கள். தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தால் எடுங்கள். விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டு அழுதவரை எனக்குத் தெரியும். அடுத்த சுற்றுக்கான விண்ணப்பத்தையும் நிறுத்த வேண்டாம்.

கோவைக்காரி | 30 ஜூலை 2024

இன்று காலை பத்தே காலுக்கு ஃபோன். தோசைக்கல்லில் தோசை. 510 எண், எடுத்தேன். "ஓர் இடம் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் எல்லா மருத்துவ ஆவணமும் ஏற்ற முடியுமா?" என்றார் அந்த அம்மா. "இன்று மதியமே ஏற்றுகிறேன்" என்றேன். ஒரு நொடி பேச்சே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்கு ஊசி டோஸ் பாக்கியாம், அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் ஏற்றிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குக் கிடைத்த தமிழ்ப் புள்ளி இல்லாவிட்டால் நான்காவதாகக்கூட நின்றிருக்க மாட்டேன்.

தோசை கரிந்து அலாரம் அடித்தது வேறு கதை. மாமியாருக்கு ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "எனக்கு இப்பவும் புளிச்ச ஏப்பந்தான் வருது, முதல்ல அதைப் பாரு" என்கிறார்.

வேப்பிலை, ஒரு அவசரக் கேள்வி. முழு வெள்ளை ஷூ கேட்டிருக்கிறார்கள், துளை இருக்கக்கூடாதாம். என்ன வாங்கட்டும்?

வேப்பிலை | 30 ஜூலை 2024

அக்காாாா!!! ஆபீசில் (ஆமாம், மார்ச்சில் என்கிளெக்ஸ் தேறி இப்போது இதயத்துடிப்பைக் கண்காணிக்கிற டெலிமெட்ரி வார்டு) பிரேக் ரூமில் கத்திவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

துணி ஷூ வேண்டாம், தோல் மாதிரித் துடைக்கிற வகை. சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு தெரியும். அரை சைஸ் பெரிதாக எடுங்கள். இன்று வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள், முதல் க்ளினிக்கல் அன்று புது ஷூவோடு போய்விடாதீர்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் மதியம் வரை உட்கார விட மாட்டார்கள்.